முதல் என்னுடையது, ஆட்டம் அவனுடையது

1913 ஜூலை 6, ஞாயிறு. பதுளை

ஜெயராசா இன்றும் தோற்றான். நான் போட்ட முதலில், என் கண்முன்னே, என் கடை மாடியிலேயே.

தன் காசென்றால் ஒவ்வொரு காயையும் தடவித் தடவி வைக்கிறவன், என் காசென்றால் அள்ளி வீசுகிறான். கேட்டால் சோழி சரியாக விழவில்லை என்கிறான். சொக்கட்டானில் சோழி பாதி, மூளை பாதி. சோழியைத் திட்டுகிறவன் மூளையைப் பற்றிப் பேசுவதே இல்லை.

நான் ஏன் ஆடுவதில்லை என்று பக்கத்துக் கருவாட்டுக் கடை புஹாரி நானா இன்றும் கிண்டல் செய்தார். ஆடினால் தோற்பேன். தோற்றால் கத்துவேன். கத்தினால் கீழே ஜவுளி வாங்க வந்தவர்கள் எதிர்க்கடைக்குப் போவார்கள். அதனால் முதல் மட்டும் போடுகிறேன். ஜெயித்தால் ஆடியவனுக்குப் பாதி, எனக்குப் பாதி. தோற்றால் முழுதும் என் தலையில். என் பாதியிலிருந்து கதிர்காமத்து முருகனுக்கு மகமை. சாமிக்கு லாபத்தில்தான் பங்கு, நட்டத்தில் இல்லை. கொடுத்துவைத்த கூட்டாளி.

ஒரு விஷயம் நடந்தது. சம்பள ஞாயிறு ஆகையால் தோட்டத்து ஜனம் கடை கொள்ளாமல் நின்றது. துணி வாங்க வந்த ஒருவன் மாடிப்படியில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெயராசா வெட்டுக்கு ஆசைப்பட்டுக் காயை நகர்த்தியபோது அவன் ‘ச்சு’ கொட்டினான். எனக்குச் சுர்ரென்று வந்தது. என்னடா ச்சு, நீ வந்து ஆடிக் கிழி என்றேன். அவன் காலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, எழுந்த ஜெயராசாவின் இடத்தில் உட்கார்ந்து, உண்மையிலேயே ஆடினான். போனதில் முக்கால்வாசி திரும்பி வந்தது.

பெயர் முருகையா. மேலே தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவனாம், செடியின் தலையைக் கழித்துவிடுகிற வேலை.

ஜூலை 20, ஞாயிறு

முருகையா வந்தான். ஆடினான். ஜெயித்தான். பிறகு பேச்சு முடித்துக்கொண்டோம்.

பங்கு விவரம் சொன்னேன். தலையைச் சொறிந்துகொண்டு, “தோத்தா எம் பேர்ல பற்று எழுதுவீங்களா மொதலாளி?” என்று கேட்டான். எழுத மாட்டேன், தோற்றது என்னுடையது என்றேன். நம்பவில்லை. மறுபடி கேட்டான். மறுபடி சொன்னேன். “அப்ப நீங்க எதுக்குங்க போடுறீங்க?” என்றான்.

எதுக்கு? லாபத்துக்கு என்று சொல்லிவிட்டேன். இப்போது எழுதும்போது யோசித்தால் அது முழு உண்மை இல்லை. எனக்கு ஆட்டம் புரிகிறது, கை வரவில்லை. வேறொருவன் கை வழியாக நான் ஆடுகிறேனோ? இருக்கலாம்.

அவன் ஏன் ஆடுகிறான் என்பதில் ஒளிவுமறைவே இல்லை. பெண்சாதி பெரியாயிக்கு இழுப்பு. பனி இறங்கினால் தோட்டத்து லயத்து வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் விடிகிறதாம். படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று பயம். அவள் அண்ணன் மொனராகலைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருக்கிறான். அங்கே உஷ்ணம். கீழே போய்விட்டால் பிழைத்துக்கொள்வாள் என்கிறான்.

ஆனால் துண்டு வேண்டும். தோட்டத்தை விட்டுப் போகலாம் என்று துரை கையெழுத்துப் போட்டுத் தருகிற சீட்டு அது. இல்லாதவனை வேறு எந்தத் தோட்டமும் சேர்க்காது. துரையிடம் அதை வாங்கித் தரவேண்டியவர் பெரிய கங்காணி பொன்னையா. அவருடைய கணக்கில் முருகையாவின் அப்பன் காலத்துப் பற்று இன்னும் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தீர்க்கத்தான் இந்தச் சோழி.

ஜூலை 21

பெண்சாதி அன்னலட்சுமியிடம் சொன்னேன். “கடைசியில ஒரு நல்ல காரியத்துக்கு மொதல் போட்டிருக்கீங்க, அதுவும் தெரியாம” என்றாள். இருபது வருஷமாக இவளிடம் பாராட்டு என்றால் இந்த ரகம்தான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்று வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் இரும முடியாது என்று யார் சொன்னார்கள்? அவன் வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டாமல் விட்டபோதெல்லாம் இருமினேன். திரும்பியே பார்க்கவில்லை. ஜெயித்தான்.

படியிறங்கும்போது பணிவாகச் சொன்னான்: “மொதலாளி, நீங்க இருமுறப்ப எல்லாம் எதிராளிக்குத் தெரிஞ்சிருதுங்க.”

புஹாரி நானா சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டிருக்கும். இவர் ஒரு காசு வைக்கிறதில்லை. மார்க்கத்தில் ஆகாது, பார்க்கிறதோடு சரி என்பார். அதனால்தான் மாடியில் எந்தத் தகராறு வந்தாலும் தீர்ப்பு அவருடையது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கீழேயே உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேலே சோழி விழுகிற சத்தம். துணியை முழம் போட மறந்து ஒருத்திக்குக் கூடுதலாகக் கிழித்துக் கொடுத்துவிட்டேன். சித்திரவதை.

ஜெயித்திருக்கிறான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

போன வாரம் முருகையா அப்பன் பற்றையும் தன் பற்றையும் கொண்டுபோய்க் கட்டிவிட்டான். கங்காணியார் வாங்கிக்கொண்டார். துண்டு கேட்டதற்கு, “கவ்வாத்து முடியட்டும், பாப்போம்” என்றாராம்.

கவ்வாத்து முடிந்தால் கொழுந்து. கொழுந்து முடிந்தால் மண்ணைக் கிளறுகிற முள்ளுக்குத்து. தோட்டத்தில் எந்த வேலை எப்போது முடிந்திருக்கிறது? அவர் கூட்டத்தில் வேலை பார்க்கிற ஒவ்வொரு தலைக்கும் கங்காணியாருக்குத் தலைக்காசு வருகிறது. நன்றாகக் கவ்வாத்து வெட்டுகிறவனை யார் சும்மா அனுப்புவார்?

நீ திருப்பி ஒன்றும் கேட்கவில்லையா என்றேன். முருகையா என்னை விநோதமாகப் பார்த்தான். கேட்க முடியாதாம். கங்காணி ஐயா முன்னால் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சொன்னதைக் கேட்டுக்கொண்டு வரவேண்டியதுதானாம். அவன் அப்பனும் அப்படித்தான் நின்றானாம்.

(அக்டோபரில் சேர்த்தது: இது எனக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும்.)

செப்டம்பர் 21, ஞாயிறு

பெரிய கங்காணி பொன்னையா கடைக்கு வந்தார். தன் கூட்டத்துக்குத் தீபாவளித் துணி எடுக்க வருஷா வருஷம் நம் கடைதான். கோட்டு, தலைப்பாகை, கையில் வெள்ளிப்பூண் குடை. கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். காப்பி கொடுத்தால் வீட்டில் எல்லோரையும் பெயர் சொல்லி விசாரிப்பார். சொக்கட்டானில் ஊவா மாகாணம் முழுக்கத் தன்னை ஜெயிக்க ஆளில்லை என்று நம்புகிறவர். கொஞ்சம் உண்மையும் உண்டு.

நம்ம முருகையா நல்லா ஆடுறானாமே என்று அவரே ஆரம்பித்தார். உங்களையே ஜெயிப்பான் என்றேன். சிரித்தார். எனக்குச் சூடு ஏறிவிட்டது. ஒரு ஆட்டம் வைப்போம் என்றேன். அவன் தோற்றால் உங்கள் கூட்டத்துக்கே இந்தத் தீபாவளித் துணி என் செலவு. ஜெயித்தால் முருகையாவுக்குத் துண்டு.

பேரம் பேசுவார் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. புஹாரி நானாவைச் சாட்சி வைத்துச் சரி என்றார். குடையைச் சுழற்றிக்கொண்டு போனார். மனுஷன் மாட்டிக்கொண்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

செப்டம்பர் 22

அன்னலட்சுமியிடம் பந்தயத்தைச் சொன்னேன். கூட்டத்தில் எத்தனை தலை என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். கணக்கு நோட்டை என் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே போனாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

இரவு வெகுநேரமாகிவிட்டது. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

மாடி நிறைய ஆட்கள். கங்காணியார் வந்து குடையை ஆணியில் மாட்டிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எதிரே பாய் காலி. முருகையா தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றான்.

உட்காரடா என்றேன். நின்றான். புஹாரி நானாவும் சொன்னார். நின்றான். கங்காணியாரே, “ஒக்காரு முருகையா. நான் வேணாம்னா சொன்னேன்?” என்றார். அவர் குரலில் அத்தனை கனிவு. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பேரம் பேசாமல் ஏன் ஒப்புக்கொண்டார் என்று புரிந்தது. ஐயோ, நான் ஆட்டத்தைப் பார்த்தேன், துணிக் கணக்கைப் பார்த்தேன், இவன் இந்த மனுஷர் முன்னால் ஒரு நாளாவது உட்கார்ந்திருக்கிறானா என்று பார்க்கவில்லையே! மடையன், மடையன்.

முருகையாவுக்கு வியர்த்துக் கொட்டியது. மெதுவாக என்னிடம், “காலு மடங்க மாட்டேங்குது மொதலாளி” என்றான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முழங்கால் வெடவெடவென்று ஆடியது.

ஆள் உட்காராவிட்டால் ஆட்டம் தோற்றதாகத்தானே அர்த்தம் என்றார் கங்காணியார். எல்லோரும் புஹாரி நானாவைப் பார்த்தார்கள். அவர் தாடியைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். ஆடுகிறவன் வாயால் சொல்லலாம், சோழி போடவும் காய் நகர்த்தவும் முதல் போட்டவன் கை போதும், இந்த மாடியில் அதற்குத் தடை இல்லை என்று தீர்ப்புச் சொன்னார்.

முதல் போட்டவன் கை! கைராசி இல்லை என்று சொந்தப் பெண்சாதியே கல்லாவில் முதல் போணிக்கு விடாத கை. உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய?

நான் சோழி உருட்டினால் ஒன்றும் இரண்டும்தான் விழுந்தது. எதிரே அவருக்குப் பெரிது பெரிதாக. முருகையா என் தலைக்கு மேலே நின்று எந்தக் காய், எந்தக் கட்டம் என்று சொன்னான். கொஞ்ச நேரம் சொன்னபடி செய்தேன். பிறகு கங்காணியாரின் காய் ஒன்று என் முன்னால் தனியாக, வெட்டு வெட்டு என்று கூப்பிடுகிறாற்போல வந்து நின்றது. முருகையா, “வேணாங்க, மலைக்குப் போங்க” என்றான். மலை என்பது குறுக்குக்கோடு போட்ட கட்டம். அதில் இருக்கிற காயை யாரும் வெட்ட முடியாது. நான் போகவில்லை. வெட்டினேன். மாடியே ஆர்ப்பரித்தது. அடுத்து கங்காணியாருக்கு விழுந்த சோழியில் என் காய் இரண்டு வெட்டுப்பட்டுப் போயின.

நான் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல் பலகையையே பார்த்தேன். மேலிருந்து அவன் குரல் வந்தது. கோபமே இல்லை.

“ஆடுறது நானா, நீங்களா மொதலாளி?”

இத்தனை வருஷம் எத்தனை பேருக்கு முதல் போட்டிருக்கிறேன். ஒருவனும் என்னை இப்படிக் கேட்டதில்லை. நீதான் என்றேன்.

அதற்குப் பிறகு நான் வெறும் கை. சொன்னதைச் செய்தேன். சிறு எண்ணாகவே விழுகிறதே என்று ஒரு தடவை முனகியபோது, ஒங்க கைக்குச் சின்னதுதான் விழும், அதுக்கேத்த மாதிரிதான் வெச்சிருக்கேன் என்றான். இத்தனை சங்கடத்திலும் புஹாரி நானாவுக்குச் சிரிப்பு.

கடைசியில் அவருக்கு ஒரு காய் மீதி, பத்திரமாக மலையில். எனக்கு இரண்டு, முன்னால் ஒன்று மலையில், பின்னால் தள்ளி ஒன்று. எனக்கு மூன்று விழுந்தது. “மலையில இருக்கறத எறக்கி அவரு முன்னால வைங்க” என்றான். பத்திரமான காயை வெட்டுப்பட வைக்கச் சொல்கிறான்! பைத்தியமா இவனுக்கு? என் தீபாவளிச் சரக்கு முழுக்க என் விரல் நுனியில் நின்றது. காயைத் தூக்கினேன். வைத்தேன்.

கங்காணியாருக்கு விழுந்த சோழியில் நேரே வீட்டுக்குத் திரும்புகிற வழியும் இருந்தது. வெட்டுகிற வழியும் இருந்தது. அவர் ஒரு கணம் கூட யோசிக்கவில்லை. மலையை விட்டு இறங்கி வெட்டினார். வெட்டிவிட்டு முருகையாவைப் பார்த்துச் சிரித்தார். இப்போது அவருடைய ஒரே காய் திறந்த கட்டத்தில், பின்னாலிருந்த என் காய்க்கு இரண்டு கட்டம் முன்னால்.

சோழியைக் குலுக்கினேன். முருகா என்று உருட்டினேன். இரண்டு விழுந்தது. என் கைக்கு வேறென்ன விழும்! வெட்டினேன்.

வெட்டுப்பட்ட காய் மறுபடி இறங்க ஒன்று விழ வேண்டும்; என் கைக்கு அது விழுந்தது, பெரிது பெரிதாகவே விழுகிற அவருக்கு விழவில்லை. அதற்குப் பிறகு அவரால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. என் கடைசிக் காயும் வீடு சேர்ந்து பழமானது. அவர் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, துண்டு வாங்கித் தர்றேன் என்று மட்டும் சொல்லி எழுந்தார். முருகையா அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தான். அவர் போக வழி விட்டான்.

அக்டோபர் 13

எப்படித் தெரிந்தது என்று நேற்று அவனைக் கேட்டதை எழுத மறந்தேன். “அவரு வெட்டாம விட மாட்டாருங்க. சின்னதுலேருந்து பாக்குறேன்ல” என்றான்.

தோற்றிருந்தால் அந்த ஜனத்துக்கு இனாமாகத் துணியாவது கிடைத்திருக்குமே என்று காலையில் மனசு ஒரு மாதிரி இருந்தது. புஹாரி நானாவிடம் சொன்னேன். நீங்க இனாமா குடுத்தாலும் அவர் அவங்க பேர்ல பற்று எழுதியிருப்பார், போய் வியாபாரத்தப் பாருங்க என்றார்.

அக்டோபர் 19, ஞாயிறு

கங்காணியார் சொன்ன வார்த்தை மாறாமல் துண்டோடு வந்தார். அதில் முருகையா பெயர் மட்டும் இருந்தது.

பெரியாயி பேர் எங்கே என்றேன். “முருகையா துண்டுன்னுதானே பேச்சு? பெரியாயி பேர யாரு சொன்னா?” என்றார். ஒவ்வொரு தலையும் தனித்தனிப் பேராம். அவள் பேர் இன்னும் தன் கூட்டத்தில்தானாம்.

கத்தினேன். என்னய்யா இது, புருஷன் போனா பொண்டாட்டி போகாம மலையில ஒக்காந்து மூச்சு முட்டிச் சாகணுமா, மனுஷனா நீ என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். புஹாரி நானா பக்கம் திரும்பினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, அன்றைக்கு அந்தப் பெண் பெயரை நாம் சொல்லவில்லை, அது உண்மைதான் என்றார். சாட்சி என்று வைத்துவிட்டால் அவர் அப்படித்தான். அந்த நேரத்தில் அவரையும் வெறுத்தேன்.

உள்ளேயிருந்து அன்னலட்சுமி வந்தாள். “நாங்க எல்லாம் ஒங்க பேருக்குள்ளயே இருக்கோம்னு ஒங்களுக்கு நெனப்பு” என்றாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். யாருடைய மூச்சுக்காக இத்தனை ஆட்டம் ஆடினோமோ அவள் பெயரைச் சொல்ல மறந்தவன் நான்.

முருகையா துண்டை எழுத்துக் கூட்டிப் பார்க்கிறவன் மாதிரி வெகுநேரம் பார்த்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. பிறகு இரண்டு கையாலும் அதைக் கங்காணியாரிடம் திருப்பி நீட்டினான்.

“எம் பேரு வேணாங்க. அந்த எடத்துல அவ பேர எழுதித் தாங்க ஐயா.”

கங்காணியார் எதிர்பார்க்கவில்லை. யோசித்தார். இழுப்புக்காரியைக் கொடுத்துவிட்டுக் கவ்வாத்துக்காரனை வைத்துக்கொள்வதில் அவருக்கு என்ன நட்டம்? சரி என்றார்.

அக்டோபர் 25, சனி

பெரியாயி போனாள். புஹாரி நானா மொனராகலைக்குக் கருவாடும் உப்பும் அனுப்புகிற வண்டியில். அண்ணன் வந்து கூட்டிப் போனான்.

இன்றைக்குத்தான் அவளை முதல் தடவை பார்த்தேன். ஒல்லி. பேசுவதற்கு முன்னால் மூச்சைச் சேர்த்துக்கொள்கிறாள். அன்னலட்சுமி கொடுத்த கம்பளியை வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்து, “நீங்கதான் அந்த சோழி போட்ட மொதலாளியா?” என்று கேட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலாகி, வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முருகையா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தான். வண்டி பசறைப் பாதையில் திரும்புகிற வரை நின்றுவிட்டு, காலையில் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு நேரமாகிவிடும் என்பதைப் போல வேகமாக மலையேறிப் போய்விட்டான். இன்றைக்குப் பெரட்டு எப்போதோ முடிந்திருக்கும்.

அக்டோபர் 28, தீபாவளி

நல்ல வியாபாரம். ஒன்றும் பிடிக்கவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

முருகையா வந்தான்! வரமாட்டான் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் நடக்காத மாதிரி, பாய் விரிக்கலாமா மொதலாளி என்கிறான். முதல் போட்டேன். ஜெயித்தான்.

அவன் பாதியை என்னிடம் பத்திரப்படுத்தச் சொல்லவில்லை. அன்னலட்சுமியிடம் கொடுத்தான். என்னிடம் கொடுத்தால் அடுத்த ஞாயிறே வேறெவன் பேரிலாவது போட்டுவிடுவேனாம். இதை என் எதிரிலேயே சொல்கிறான். அவளும் தலையாட்டுகிறாள்.

டிசம்பர் 7, ஞாயிறு

மொனராகலையிலிருந்து வண்டி வந்தது. வண்டிக்காரர் பெரியாயியைப் பார்த்தாராம். இப்போது படுத்தே தூங்குகிறாளாம்.

முருகையா அவரை மறுபடி சொல்லச் சொன்னான். அவரும் சொன்னார். இன்னொரு தடவை கேட்டான். ஐயா, படுத்துத்தான் தூங்குது, கொறட்ட கூட விடுதுன்னு அண்ணன்காரன் சொன்னான், போதுமா என்றார்.

அதற்குப் பிறகு ஆடின ஆட்டத்தில் தோற்றான். காயையே பார்க்கவில்லை. நட்டம் என்னுடையது.

1914 ஜனவரி 14, பொங்கல்

முருகையாவுக்கு ஒரு வேட்டி கொடுத்தேன். விலை கேட்டான். சும்மா வாங்கிக்க என்றேன். ரொம்ப யோசித்துத்தான் வாங்கினான்.

பிப்ரவரி 8, ஞாயிறு

கங்காணியார் வந்தார். துணி எடுக்க இல்லை. கொஞ்சம் இளைத்திருந்தார்.

நின்றவனிடம் தோற்றவர் என்று பெரகல கடைகள் வரைக்கும் சிரிக்கிறார்களாம். பெரட்டில் அவர் சத்தம் போட்டால் பின்வரிசையில் எவனோ சோழி குலுக்குகிற மாதிரி கையை ஆட்டுகிறானாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். மனுஷர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாகவும் இருந்தது.

மறுபடி ஒரு ஆட்டம் வேண்டுமாம். முருகையா ஜெயித்தால் அவன் பெயரில் துண்டு. இந்தத் தடவை பெயரை இரண்டு முறை சொல்ல வைத்தேன், புஹாரி நானா முன்னால். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

“அவன் எனக்கு எதிர்ல ஒக்காந்து ஆடணும். வேற எவன் கையும் படக் கூடாது.”

உட்காராவிட்டால் தோற்றது. மாசி பாதியில் வைத்துக்கொள்வோம் என்று போய்விட்டார். எதிர்ப்பந்தயமாக என்ன வைப்பது என்று நான் ஆரம்பித்தபோது, படியருகே நின்ற முருகையா, அத நான் பாத்துக்குறேன் மொதலாளி என்றான். என்ன பார்ப்பான்?

பிப்ரவரி 22, ஞாயிறு

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. புஹாரி நானாவுக்கு என் கோட்டைப் போட்டு, தலையில் சால்வையைச் சுற்றி, கையில் குடையைக் கொடுத்துக் கங்காணி மாதிரி உட்கார வைத்தேன். எதிரே முருகையா உட்கார்ந்து பழகட்டும் என்று.

சட்டென்று உட்கார்ந்துவிட்டான். எங்களுக்கு ஒரே குஷி. பிறகு அவனே, நானா கோட்டுப் போட்டா கங்காணி ஐயா ஆயிருவாரா மொதலாளி என்று கேட்டுவிட்டு எழுந்து போனான்.

பயமாக இருக்கிறது. ஆட்டத்தில் பயமில்லை. அந்த முழங்கால்.

மார்ச் 1, ஞாயிறு

முருகையா வெள்ளனவே வந்து அன்னலட்சுமியிடம் தன் காசைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அவள் முடிச்சை அவிழ்த்து, எண்ணிப் பார்த்துக்கொள் என்றாள். எண்ணவில்லை. நான் கல்லாவைத் திறந்து வைத்திருந்தேன். எவ்வளவு வேண்டும் சொல்லு என்றேன்.

“இந்தத் தடவ வேணாங்க மொதலாளி. எங் காசு.”

எல்லாமேவா என்றேன். எல்லாம்தான் என்றான். தோற்றால் நாலு மாசத்து ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும். மறுபடி முதலிலிருந்து. கெஞ்சினேன், பாதியாவது நான் போடுகிறேன் என்று. எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. இவனுக்கு நல்லது என்றுதான் கெஞ்சினேனா? எனக்கு ஒரு பங்கு வேண்டும் என்று கெஞ்சினேனா? இரண்டும்தான்.

கங்காணியார் வந்தார். குடையை மாட்டினார். உட்கார்ந்தார். முருகையா எப்போதும்போலத் தலைத்துண்டை எடுத்தான். கக்கத்துக்குப் போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நாலாக மடித்தான். பாயின் மேல் போட்டான். கொஞ்ச நேரம் நின்றான். முழங்கால் ஆடியது, நான் பார்த்தேன். ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, வயசானவன் உட்காருகிறாற்போல, மெள்ள மெள்ள அந்தத் தலைத்துண்டின் மேல் உட்கார்ந்தான்.

கங்காணியார் அவனையே பார்த்தார். அவர் இவ்வளவு கிட்டத்தில், நேர் மட்டத்தில், அவன் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்.

முருகையா சோழியை எடுத்தான். பிறகு என் பக்கம் திரும்பி, “கொஞ்சம் தள்ளி நில்லுங்க மொதலாளி, வெளிச்சம் மறைக்குது” என்றான்.

எனக்கு அங்கே வேலை இல்லை. கீழே வந்துவிட்டேன். அன்னலட்சுமி போய்ப் பாருங்களேன் என்றாள். போகவில்லை. ஒரு கிழவிக்குச் சேலை காட்டினேன். அவள் எதை வாங்கினாள் என்று இப்போது கேட்டால் தெரியாது.

வெயில் சாய்கிற நேரத்துக்குக் காலடிச் சத்தம் கேட்டது. கங்காணியார் முன்னால் இறங்கி வந்தார். முருகையா பின்னால். இரண்டு பேர் முகத்திலும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. கங்காணியார் என் முன்னால் நின்று, புஹாரி நானாவின் வண்டி மொனராகலைக்கு அடுத்து என்றைக்குப் போகிறது என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை என்றேன்.

“அதுக்குள்ள தொரைகிட்ட கையெழுத்து வாங்கிர்றேன்” என்றார். குடையைக்கூட எடுக்காமல் தெருவில் இறங்கிப் போனார்.

முருகையா கடைசிப் படியில் அப்படியே உட்கார்ந்து அழுதான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.